மரக்குண்டு, நீலக்குண்டு, வெற்றுக்குண்டு

வேல்ஸின் தென்மேற்குக் கடற்கரையில் மில்ஃபோர்ட் ஹேவன் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டின் முன்புறத்தில், சிவப்பு வண்ணம் பூசிய கடற்படைக் குண்டு ஒன்று நூறாண்டுக்கும் மேலாக அலங்காரப் பொருளாக நின்றிருந்தது. குதிரை வண்டியில் எலுமிச்சைப் பானம் விற்றுவந்த ஒருவர் பக்கத்துக் கடற்கரையில் அதைக் கண்டெடுத்து வந்தார் என்பது தெருவில் வழங்கிய கதை. அந்தக் கரையைக் கடற்படை ஒருகாலத்தில் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. தோட்ட வேலை முடிந்ததும் அந்த வீட்டுப் பெண்மணி கொத்துக்கரண்டியில் ஒட்டிய மண்ணை அதன்மேல் தட்டித்தான் உதிர்ப்பார். 2023இன் இறுதியில் காவலர் ஒருவர் அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தார். வந்து பார்த்த நிபுணர்கள் அது 1880, 1890களைச் சேர்ந்த 64 பவுண்டு குண்டு என்றும், உள்ளே கொஞ்சம் மருந்து இன்னும் உயிரோடு இருக்கிறது என்றும் சொன்னார்கள். பழைய கல்குவாரி ஒன்றுக்கு எடுத்துப்போய், மணலுக்குள் புதைத்து அதை வெடிக்கவைத்தார்கள்.

வெற்றுக் குண்டு என்று அத்தனை ஆண்டுகளாக அந்தத் தெருவே நம்பியது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன? இவ்வளவு காலம் வெடிக்கவில்லை என்பது மட்டும்தான். இராணுவத்தின் செயலற்ற குண்டுகளையும் பயிற்சித் தோட்டாக்களையும் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய துறையின் அடிப்படைக் கேள்வியே இந்த ஆதாரம் பற்றியதுதான். ஒரு பொருளில் மருந்து இல்லை என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? நிறத்தைக் கொண்டா, எழுத்தைக் கொண்டா, துளையைக் கொண்டா, விற்றவரின் வாய்ச்சொல்லைக் கொண்டா? இந்தக் கேள்வியை விடாமல் கேட்பவரையே ஆய்வாளர் என்பேன். கேட்காதவர் வாங்கி அடுக்குகிறார், அவ்வளவுதான்.

முதலில் வகைகளைப் பிரித்துக்கொள்வோம். சிப்பாய் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றவும் இறக்கவும் பழகுவதற்கென்று செய்யப்படுவது டிரில் தோட்டா. எடையும் வடிவமும் உண்மைத் தோட்டாவைப் போலவே இருக்கும். மருந்தும் இருக்காது, தட்டினால் பொறி கக்கும் கேப்பும் இருக்காது. சத்தம் மட்டும் எழுப்புவது வெற்றுவேட்டுத் தோட்டா. அதற்குள் மருந்து உண்டு. இலக்கை நோக்கி உண்மையாகவே சுட்டுப் பழகுவது பயிற்சிக் குண்டு. அதிலும் உந்து மருந்து உண்டு. விழுந்த இடத்தைப் புகையால் காட்டும் சிறு மருந்தும் பல வேளைகளில் சேர்ந்திருக்கும். நான்காவதாக, வகுப்பறையில் உள்ளமைப்பை விளக்குவதற்காக ஒரு பக்கம் அறுத்துத் திறந்த மாதிரிகள். நான்கையும் சந்தையில் 'பயிற்சிப் பொருள்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். ஆபத்து அந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

டிரில் தோட்டாவைக் கையில் எடுத்தவுடன் விரல் அதை அடையாளம் கண்டுகொள்ளும். பிரிட்டிஷ் .303 டிரில் தோட்டாவின் ஒரு வகையில் பித்தளை உறைமேல் வெள்ளீயம் பூசி, நீளவாட்டில் மூன்று பள்ளங்கள் போட்டு, பள்ளங்களுக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். முனையில் ஈயக் குண்டுக்குப் பதிலாகச் சிவப்பு மரக்குண்டு. அமெரிக்க டிரில் தோட்டாக்களிலும் உறையில் பள்ளமோ துளையோ இருக்கும். அதன் பயன் எளிது. இருட்டில், அவசரத்தில், பத்துத் தோட்டாக்களுக்கு நடுவே ஒன்று கலந்துவிட்டாலும் கை சொல்லிவிட வேண்டும். படைவீரனின் உடம்புக்குப் பாடம் சொல்லித்தரச் செய்த பொருள் இது. போர்க்களத்துத் தோட்டாவிடம் இல்லாத ஒரு செய்தி இதனிடம் இருக்கிறது. ஒரு படை தன் ஆட்களை எப்படிப் பழக்கியது, எந்தத் தவறுக்கு அஞ்சியது என்பதே அந்தச் செய்தி. இந்த எளிய பொருளை, பதக்கங்களையும் வாள்களையும்விட நேர்மையான வரலாற்றுச் சான்றாக நான் மதிப்பது அதனால்தான்.

ஆனால் மரக்குண்டைக் கண்டவுடன் 'இது டிரில் தோட்டா' என்று முடிவுகட்ட முடியாது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பயன்படுத்திய வெற்றுவேட்டுத் தோட்டா ஒன்றுக்கும் முனை மரம்தான். உள்கூடான, சாயமேற்றிய மரக்குண்டு. சுடும்போது குழல்வாயில் சிதறித் தூளாகிவிடும். சுவீடனின் 6.5 மி.மீ. வெற்றுவேட்டிலும் சிவப்பு மரக்குண்டு உண்டு. முன்பு சொன்ன பிரிட்டிஷ் டிரில் தோட்டாவில் மரக்குண்டின் பின்னால் மருந்து கிடையாது. ஜெர்மன், சுவீடன் மரக்குண்டுகளின் பின்னால் மருந்து இருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல. 1944இல் நார்மண்டியில் இறங்கிய நேசநாட்டு வீரர்கள் ஜெர்மானியரிடம் மரக்குண்டுத் தோட்டாக்களைக் கண்டபோது, காயத்தை ரணமாக்க வேண்டுமென்றே எதிரி மரத்தால் சுடுகிறான் என்ற பேச்சு பரவியது. வெற்றுவேட்டுத் தோட்டாவைக் கொடூர ஆயுதமாக வாசித்ததால் பிறந்த பேச்சு அது. பொருளைத் தவறாக வாசித்தால் வரலாறும் தவறாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சரியாக வாசிப்பதற்கான முதல் பக்கம் தோட்டாவின் அடித்தட்டு. அங்கே பொறித்திருக்கும் முத்திரையில் தொழிற்சாலை, வகை, பல வேளைகளில் ஆண்டு என எல்லாம் சுருக்கமாக இருக்கும். .303 தோட்டாவில் 'கே', 'எஃப்' எழுத்துகளும், நடுவில் அரசு உடைமையைக் குறிக்கும் அம்பும் இருந்தால் அது புனே அருகே கிர்கியில் செய்தது. ரோமன் எண்ணில் ஏழு என்றிருந்தால், 1910இல் வந்த கூர்முனை வகை. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையின் புகழ்பெற்ற 75 மி.மீ. பீரங்கி உறையின் அடியில் களப்பீரங்கி என்பதற்கான சுருக்கம் பொறித்திருக்கும். ஐரோப்பியத் தோட்டா ஆய்வுச் சங்கம் போன்ற அமைப்புகளில் இருப்பவர்கள் இந்த முத்திரைகளை ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாக ஒப்பிட்டு, எந்த நாடு யாருக்கு விற்றது, எந்த ஆலை எந்தப் போருக்காக விரிந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். நம் நாணயவியலாளர்கள் சோழர் காசுகளை வைத்துச் செய்கிற வேலைக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

இந்த வாசிப்பில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. 1890களில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச்சாலையில் செய்த, முனையில் ஈயம் திறந்திருக்கும் தோட்டா உடம்பில் பட்டதும் விரிந்து கோரமான காயம் செய்தது. அந்த ஊரின் பெயரே உலக மொழிகளில் அப்படிப்பட்ட குண்டுகளுக்கெல்லாம் பெயராகிவிட்டது. 1899இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளுக்குத் தடை விதித்தது. டம்டம்மைத் தொடர்ந்து பிரிட்டன் செய்திருந்த குழிமுனைத் தோட்டாக்கள் 4.5 கோடிக்கும் மேல் இருப்பில் இருந்தன. அவற்றைப் போரிலிருந்து விலக்கிக்கொண்ட இராணுவம், குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குக் கொடுத்துத் தீர்த்தது. மனிதர்மேல் சுடத் தகாதது என்று உலகம் தீர்ப்பளித்த தோட்டா, பயிற்சித் தோட்டாவாகித்தான் முடிந்தது. ஆகவே அந்த வகையில் ஒன்று இன்று கையில் கிடைத்தால், அது ஒரு சட்ட வரலாற்று ஆவணம். நீலகிரியில் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை தொடங்கியதும் இதற்குச் சில ஆண்டுகளுக்குள்தான், 1903இல். .303க்கான உந்து மருந்தின் பெயரே அந்த ஆலையின் பெயராயிற்று.

பயிற்சிப் பொருள்கள் ஏன் அரியவை? எவரும் அவற்றைக் காக்கவில்லை என்பதே காரணம். வென்றவர் எதிரியின் துப்பாக்கியை ஊருக்குக் கொண்டுவருவார், வகுப்பறையில் இருந்த மரக்குண்டைக் கொண்டுவர மாட்டார். டிரில் தோட்டா ஆயிரம் முறை ஏற்றி இறக்கித் தேய்ந்து, விளிம்பு நசுங்கி, காயலான்கடைக்குப் போகும். அறுத்துத் திறந்த மாதிரிகள் ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியிலும் ஓரிரண்டுதான் இருந்திருக்கும். ஆயுதம் மாறியதும் அவற்றைத் தூக்கிப்போட்டார்கள். கோடிக்கணக்கில் செய்த பீரங்கிக் குண்டு ஐரோப்பாவின் வயல்களில் இன்றும் உழவில் கிளம்புகிறது. அதைச் சுடக் கற்றுக்கொடுத்த மாதிரியோ அருங்காட்சியகத்திலும் அபூர்வம்.

இனி நிறத்துக்கு வருவோம். இன்றைய அமெரிக்க, நேட்டோ மரபில் வெளிர்நீலம் பயிற்சிக்கு உரியது. வெண்கல நிறம் முழுக்கச் செயலற்ற பொருளுக்கு உரியது. மஞ்சள் வீரிய வெடிமருந்துக்கு. சேகரிப்பாளர்களில் புதியவர்கள் பலர் நீலத்தைக் கண்டதும் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு இடமில்லை. நீலத்தின் நடுவே பழுப்புப் பட்டை ஒன்று ஓடினால், உள்ளே தாழ்வீரிய மருந்து இருக்கிறது என்று பொருள். அமெரிக்க விமானப் படையும் கடற்படையும் பயன்படுத்தும் 25 பவுண்டுப் பயிற்சிக் குண்டு நீலமாகத்தான் இருக்கும்; விழுந்ததும் புகை கிளப்பும் தோட்டா அதன் மூக்கில் உட்கார்ந்திருக்கும். அமெரிக்கப் படையின் எம்69 என்ற பயிற்சிக் கையெறி குண்டின் அடியில் பெரிய துளை உண்டு. துளையிட்டிருக்கிறது, ஆகவே வெற்று என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்தத் துளை, மேலே திருகிய ஃபியூஸ் வெடிக்கும்போது புகையும் அழுத்தமும் வெளியேறுவதற்கான வழி. வெறும் உடலாகக் கிடைத்தால் அது ஓர் இரும்பு வார்ப்பு. சுடப்படாத ஃபியூஸோடு கிடைத்தால் கையைக் கிழிக்கக்கூடியது.

பயிற்சிக் குண்டு என்றால் என்ன என்பதை ஒரு சிற்றூர் நள்ளிரவில் தெரிந்துகொண்டது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துப் பாய்ஸ் சிட்டி. 1943 ஜூலை 5. டெக்சஸின் டால்ஹார்ட் தளத்திலிருந்து இரவுப் பயிற்சிக்குக் கிளம்பிய ஒரு பி-17 விமானம் வழிதவறியது. நீதிமன்றச் சதுக்கத்து விளக்குகளையே பயிற்சி இலக்கின் விளக்குகள் என்று எண்ணி, ஆறு குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டது. ஒவ்வொன்றும் நூறு பவுண்டு அளவிலான தகரக் கூடு. உள்ளே சுமார் 90 பவுண்டு மணல், மூன்று நான்கு பவுண்டு மருந்து. ஒரு வண்டிக்கொட்டகையும் தேவாலயத்தின் ஓரமும் சேதமாயின. உயிர்ச்சேதம் இல்லை. ஊர்க்காரர்கள் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு நினைவுச்சின்னமே வைத்திருக்கிறார்கள். அதே வகைத் தகரக் குண்டுகள் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பழைய பயிற்சிக் களங்களில் சிதறிக் கிடந்து, இன்று சேகரிப்பாளர் கைகளில் இருக்கின்றன. 'மணல் நிரப்பிய குண்டு' என்று எழுதி விற்கும்போது அந்த மூன்று நான்கு பவுண்டைப் பற்றியும் எழுத வேண்டாமா?

பாய்ஸ் சிட்டிக்கு வாய்த்த நல்லூழ் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் டியர்ராசாண்டா என்ற குடியிருப்பு, இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பயிற்சி முகாம் ஒன்றின் நிலத்தில் எழுந்தது. 1983 டிசம்பரில் அங்குள்ள பள்ளத்தாக்கில் விளையாடிய எட்டு வயதுச் சிறுவர் இருவர் 37 மி.மீ. குண்டு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அது வெடித்து இருவரும் இறந்தார்கள். போர் முடிந்து 38 ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த மண்ணில் போரே நடக்கவில்லை, பயிற்சி மட்டும்தான் நடந்தது.

அனுபவமும் காப்பாற்றுவதில்லை. 2008 பிப்ரவரியில் வர்ஜீனியா மாநிலத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் குண்டுகளைச் சீர்செய்வதில் தேர்ந்த 53 வயதுச் சேகரிப்பாளர் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் 75 பவுண்டுக் கடற்படைக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து மாண்டார். சிதறிய துண்டு கால் மைல் தூரத்தில் இருந்த ஒரு வீட்டின் முகப்பில் பாய்ந்தது. சேகரிப்பாளர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்குமாகச் சுமார் 1,600 குண்டுகளில் வேலை செய்தவர் அவர். அந்தக் குண்டு செய்து 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

காலம் மருந்தைக் கொன்றுவிடும் என்று நாம் நினைக்கிறோம். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்துக்கு அந்த விதி பொருந்தாது. அது ஒரு கலவை. நனைந்தால் செத்ததுபோல் கிடக்கும்; காய்ந்தால் எழுந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பிக்ரிக் அமிலம் இன்னும் மோசம். இங்கிலாந்தின் லிட் என்ற ஊரில் சோதித்ததால் பிரிட்டிஷார் அதை லிட்டைட் என்றார்கள். அது ஈயம், செம்பு போன்ற உலோகங்களோடு சேர்ந்து உருவாக்கும் உப்புகள் மூல மருந்தைவிட எளிதில் வெடிப்பவை. அதற்கு அஞ்சித்தான் குண்டின் உட்சுவருக்கு வார்னிஷ் அடித்தார்கள். நூறாண்டில் அந்த வார்னிஷ் என்னவாகியிருக்கும் என்று வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. இங்கே வயது ஆபத்தைக் கூட்டுகிறது.

மேற்குப் போர்முனையில் இது அன்றாட விஷயம். 1916 ஜூலை 1ஆம் தேதி சொம் போர் தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தில் மட்டும் பிரிட்டிஷ் பீரங்கிகள் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டன. அவற்றில் பெரும் பங்கு வெடிக்காமல் மண்ணில் புதைந்தது. பெல்ஜிய உழவர்கள் கலப்பையில் சிக்கும் குண்டை வரப்போரம் வைத்துவிட்டுத் தகவல் சொல்வார்கள். பூல்காப்பெல்லவில் உள்ள இராணுவ வெடிகுண்டு அகற்றும் பிரிவு ஆண்டுக்கு 150 முதல் 200 டன்வரை அப்படிச் சேகரிக்கிறது. நச்சுவாயுக் குண்டுகளும் அதில் உண்டு. 2014 மார்ச்சில் இய்ப்ர அருகே கட்டட வேலை செய்த இருவர் இப்படியொரு குண்டு வெடித்து இறந்தார்கள். இதே மண்ணில் இரவில் உலோகம் காட்டும் கருவியோடு சுற்றி, தோண்டியதைச் சுரண்டிப் பளபளப்பாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் சேகரிப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அது கல்லறையைக் கிளறுவது. புதைந்த வீரர்களின் எலும்புகளும் அதே மண்ணில்தான் இருக்கின்றன.

நமக்கும் இதில் ஒரு துண்டு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மேல் தன் 10.5 செ.மீ. பீரங்கிகளால் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்றச் சுவரில் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் குண்டின் சிதறல் ஒன்று வைத்திருக்கிறார்கள். 'அவன் எம்டன்' என்று பேச்சுத்தமிழில் ஒரு சொல்லும் நிலைத்தது. அந்தச் சிதறலுக்கு ஏன் மதிப்பு? எந்தக் கப்பல், எந்த இரவு, எந்த ஊர் என்ற மூன்றும் அதோடு சேர்ந்தே வந்திருக்கின்றன. அந்தக் குறிப்பைக் கழற்றிவிட்டால் அது ஒரு கைப்பிடி இரும்பு.

சேகரிப்பின் அறம் எனக்கு இங்கேதான் தென்படுகிறது. பொருளோடு அதன் வரலாறும் வர வேண்டும். மருந்தில்லை என்பதற்கான சான்றும் வர வேண்டும். பிரிட்டனில் இராணுவம் வெளியே விடும் பொருளுக்கு வெடிமருந்து அற்றது என்று தனிச் சான்றிதழ் தரும் வழக்கம் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. குண்டுக்கூடு ஒன்றைப் பாதுகாப்பானது என்று வெளியே அனுப்ப, ஒருவர் முழுச் சோதனை செய்து கையெழுத்திட வேண்டும். அதன்பின் வேறொருவர் தனியாக மறுபடியும் முழுச் சோதனை செய்து கையெழுத்திட வேண்டும். அத்தனை நிபுணர்களை வைத்திருக்கும் படையே ஒற்றைக் கண்ணை நம்பவில்லை என்றால், இணையத்தில் படம் பார்த்து வாங்கும் தனிமனிதர் எதை நம்புவது? தெரியாத குண்டைத் தானே திறந்து பார்க்கும் சேகரிப்பாளரைத் துணிச்சல்காரர் என்று புகழும் வழக்கம் இந்தத் துறையில் இருந்திருக்கிறது. அது அடியோடு ஒழிய வேண்டும்.

இன்னொரு தவறு, புது வண்ணம் அடிப்பது. அலமாரியில் அழகாகத் தெரிய வேண்டும் என்று மங்கிய நீலத்துக்குமேல் பளிச்சென்று பெயின்ட் பூசிவிடுகிறார்கள். அதோடு தொகுதி எண், ஆலைக்குறி, பட்டையின் நிறம் எல்லாம் மறைந்துபோகின்றன. அடுத்து வாங்குபவருக்கு அது ஆவணமாகவும் பயன்படாது, எச்சரிக்கையாகவும் பயன்படாது. பழுப்புப் பட்டையின்மேல் நீலம் பூசுவது பொய்ச் சான்றிதழ் எழுதுவதற்குச் சமம். மில்ஃபோர்ட் ஹேவனில் அந்தக் குண்டைச் சிவப்பாக்கிய கை தீய எண்ணத்தோடு செய்யவில்லைதான்; ஆனால் அந்தச் சிவப்பே அதை எல்லோர் கண்ணுக்கும் பொம்மையாக்கியது.

பயணத்திலும் இதே கதை. 2022 ஏப்ரலில் ஓர் அமெரிக்கக் குடும்பம் கோலான் குன்றுகளில் கண்டெடுத்த வெடிக்காத குண்டை நினைவுப்பொருளாகப் பெட்டியில் எடுத்துக்கொண்டு இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையத்துக்கு வந்தபோது மக்கள் சிதறி ஓடினார்கள். உண்மையிலேயே வெற்றான கையெறி குண்டுக்கூட்டைக்கூட அமெரிக்க விமானங்களில் கைப்பையிலும் எடுத்துச்செல்ல முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வெடிபொருள் என்ற சொல்லுக்குள் குண்டு, கையெறி குண்டு, ராக்கெட் ஆகியவற்றோடு அவற்றின் பாகங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆகவே இங்கே இந்த ஆர்வம் உள்ளவர் உரிமமும் சட்ட ஆலோசனையும் இல்லாமல் ஒரு பித்தளை உறையைக்கூட வாங்கக் கூடாது. அருங்காட்சியகங்களும் படைப்பிரிவுச் சேகரங்களும் இருக்கின்றன. ஆராய விரும்புகிறவருக்கு அடிமுத்திரைகளைப் படம் எடுத்து, வரைந்து, ஒப்பிட்டு எழுதுவதற்கே ஒரு வாழ்நாள் போதாது.

இதைப் படிப்பவர்களில் சிலரது வீட்டில் தாத்தாவோ சித்தப்பாவோ படையிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒன்று பரணிலோ பூஜை அலமாரிக்குப் பக்கத்திலோ இருக்கலாம். வன்னியில் நிலம் உழும் உறவினர் ஒருவர் ஷெல் கோது ஒன்றைப் பூச்சட்டியாக வைத்திருக்கலாம். அதைத் துலக்காதீர்கள், அறுக்காதீர்கள், பழைய இரும்புக்குப் போடாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, எட்ட நின்று ஒரு படம் எடுத்து, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அது எங்கிருந்து, யாரால், எப்போது வந்தது என்று வீட்டுப் பெரியவருக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பொருள் போய்விட்டாலும் அந்தத் தாள் வீட்டில் இருக்கட்டும்.